காற்றுக்கு வைத்த கதவு

ஓதப்பள்ளித் தோழர்களே, தொப்பியைக் கால்சட்டைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு கப்பல் ஜெட்டிக்கு ஓடியவர்களே, இப்போது முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களே. மாயாபந்தரில் நாம் குர்ஆன் ஓதப் படித்த பழைய ஓதப்பள்ளிக் கட்டடத்துக்கு விழா எடுத்து மலர் போடுகிறார்களாம். கட்டடத்தின் வரலாறும் அமைப்பும் பற்றி நான் எழுத வேண்டுமாம். "நீங்க எழுதினா சிரிப்பா இருக்கும்ணே, ரெண்டு பக்கம் கலகலப்பா குடுங்க" என்று மலர்க் குழுத் தம்பி போனில் சொன்னான். எனக்கு நடுவயது. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன். கேட்டவர்கள் என் தலையைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்பதில்லை. எனக்குக் கோமாளி என்று பெயர் இருப்பது உங்களுக்குத் தெரியும். சரி என்றேன். எழுதுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போர்ட் பிளேரில் விடியற்காலை பஸ் ஏறினேன்.

போயிருக்கக் கூடாது.

கட்டடம் நிற்கிறது. ஓதப்பள்ளி என்றைக்கோ காங்கிரீட்டுக்கு மாறிப் போய்விட்டது. இதில் நாற்காலிகளும் பந்தல் துணிகளும் சோற்று அண்டாக்களும் கிடக்கின்றன. வாசலில் மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்த ஒரு பலகை. முன்சுவரில் உள்ள வளைவைப் பற்றி ஒரு பத்தி, பின்சுவரில் உள்ள கதவைப் பற்றி ஒரு பத்தி. பின்கதவு தரையிலிருந்து ஆளுயரத்துக்கும் மேலே இருக்கிறது. அதற்குப் படி கிடையாது. திறந்து காலை வைத்தால் அந்தரம். பலகை சொல்கிறது: கடற்காற்று தடையில்லாமல் உள்ளே வரும்பொருட்டு நம் முன்னோர்கள் தொலைநோக்குடன் அமைத்த கதவு இது.

தொலைநோக்காம்.

நான் பலகையின் கீழே நின்று வாய்விட்டுச் சிரித்தேன். "நல்லா வந்துருக்குல்லண்ணே" என்றான் தம்பி. கோபம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியும். அதனால் மலருக்கு எழுத உட்கார்ந்தது உங்களுக்கு எழுதுவதாக ஆகிவிட்டது.

முதலில் கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன். அது ஓதப்பள்ளியாகப் பிறக்கவில்லை. யானைத் தீவனக் கிடங்காகப் பிறந்தது. கான்ட்ராக்டர் மாமாவுக்கு மரம் இழுக்கும் யானைகள் இருந்தன. காட்டுக்குள் வெட்டிய மரத்தை ஓடைக்கு இழுத்துவந்து தள்ளும். அவற்றுக்கான நெல்லும் உப்பும் வெல்லமும் சங்கிலிகளும் வைக்கக் கட்டியது இந்த இடம். எலியும், கடல் பொங்கும்போது வரும் ஏற்றத் தண்ணீரும் அண்டாமலிருக்க, படாக் மரத் தூண்கள்மேல் உயரத் தூக்கிக் கட்டினார்கள். மேலே பலகைத் தரை, பலகைச் சுவர், தகரக் கூரை, முன்வாசலுக்கு ஏறிப்போகப் படி. பின்பக்கக் கதவுக்கு வெளியே யானை விலாவை ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்ளேயிருந்து மூட்டையை அப்படியே அதன் முதுகில் நகர்த்திவிடலாம். கதவு அந்த உயரத்தில் இருப்பதற்குக் காரணம் யானையின் முதுகு அந்த உயரத்தில் இருப்பதுதான். கடற்காற்று அந்தப் பக்கம் வீசுவதே இல்லை. கடல் புகுந்து வரும் ஓடை மேற்கே இருக்கிறது, கதவு கிழக்கே பார்த்துச் சேற்றுக்காட்டை முகர்ந்துகொண்டிருக்கிறது.

மர வேலை இன்னும் உள்ளே நகர்ந்துபோனபோது கிடங்கு சும்மா கிடந்தது. கான்ட்ராக்டர் மாமா அதை நம் ஜமாத்துக்குக் கொடுத்தார். கொடுத்தார், நான் மறுக்கவில்லை. ஒரு தடவை கொடுத்துவிட்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாயால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே நுழைந்தால் அடிக்கும் வாடை உங்களுக்கு நினைவிருக்கிறதா? பழைய நெல், வெல்லப் பாகு, யானை, அதற்கு மேலே நம் தலையில் வைத்த தேங்காய் எண்ணெய். பலகைகள் காய்ந்து சுருங்கித் தரை முழுக்க விரற்கடை இடுக்குகள். அதன் வழியே கீழே பார்த்தால் ஏற்றத் தண்ணீர் வந்து போவதும் நண்டு வளைக்குள் நுழைவதும் தெரியும். நான் ஓதவேண்டிய நேரத்தில் பாதியை அந்த இடுக்கையே பார்த்துக் கழித்தேன். விழுந்துவிடுவேன் என்று பயம். விரல் நுழையும் இடுக்கில் முழுப் பையன் விழ முடியாது என்று அக்கா பல தடவை விளக்கினாள். எனக்கும் புரிந்தது. புரிந்த பிறகும் இடுக்கைத் தாண்டித்தான் காலை வைத்தேன்.

நமக்கெல்லாம் மரப்பலகை இருந்தது. வெள்ளை மண் பூசி, காயவைத்து, மையில் எழுதி, ஓதிக் காட்டியதும் கழுவிவிட வேண்டும். அதெல்லாம் எந்த அடுப்பில் போயிற்றோ. என் பலகை மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் கழுவப்படும். ஓதி முடித்ததால் அல்ல, வியர்த்து.

நம் ஆசிரியரை லெப்பை என்று கூப்பிட்டோம். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். மழை தகரத்தில் இறங்கினால் ஒன்றும் கேட்காது. அப்போதும் பாடத்தை நிறுத்த மாட்டார்; வாயசைவைப் பார்த்தே தப்பைப் பிடிப்பார். அறைக்கு நடுவே ஒரு தார்ப்பாய்த் திரை. ஒரு பக்கம் நாம், மறுபக்கம் பெண் பிள்ளைகள். திரையின் முனையில் அவர் உட்கார்ந்திருப்பார். நமக்கு வலது பாதி லெப்பை, அவர்களுக்கு இடது பாதி. பிரம்பு நம் பாதியில் இருந்தது. அவர்கள் பக்கம் தப்பு வந்தால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான்.

பெண் பிள்ளைகள் வருவதற்கு அந்தப் பின்கதவுதான் வழி. ஓதப்பள்ளி தொடங்கியபோது அவர்களுக்காக அதற்கு ஒரு படிக்கட்டு செய்தார்கள். பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் இனத் தச்சர் மிஸ்திரி செய்தார். நல்ல படாக் மரம், அகலமான படிகள், மேலே மழைக்கு ஒரு சின்னச் சாய்ப்பு. லெப்பை வருவதற்கு முன்பே வந்துவிடும் பெண்கள் அந்தப் படியில் உட்கார்ந்து விளையாடுவார்கள். ஒருநாள் மிஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி, உட்கார வசதியான ஒரு படியில் பல்லாங்குழிக்கு வரிசையாகக் குழி தோண்ட வைத்துவிட்டார்கள். சோழிக்குப் பஞ்சமா அங்கே? கரையெல்லாம் சோழி. நாம் முன்பக்கம் நின்று கேட்போம், குழியில் சோழி விழும் சத்தம். என்னைச் சேர்த்துக்கொள் என்று அக்காவிடம் கேட்டேன். தோற்றால் அழுவாய் என்றாள். அழ மாட்டேன் என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அக்கா நன்றாக ஓதுவாள். நன்றாக என்றால், திரைக்கு இந்தப் பக்கம் நாம் கிள்ளுவதையும் கடிப்பதையும் நிறுத்திவிட்டுக் கேட்கும் அளவுக்கு. நம் கூட்டத்தில் முதலில் ஓதி முடிக்கப் போவது அவள்தான் என்பதில் ஆண் பிள்ளைகளுக்கே சந்தேகம் இல்லை. நம்மிடையே வழக்கம் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம், மலரைப் படிக்கும் பேரப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முழுவதும் ஓதிவிட்டு, கடைசியில் வரும் சின்னச் சின்ன அத்தியாயங்களை மட்டும் மிச்சம் வைப்பார்கள். அதை ஒரு நல்ல நாளில் ஓதப்பள்ளியில் வைத்து, லெப்பை காதால் கேட்க, எல்லோரும் கூடியிருக்க ஓத வேண்டும். இறைவனிடம் துஆ கேட்டு, சீரணி என்று இனிப்பு கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை "ஓதி முடிச்ச புள்ளை". அக்காவுக்கு மிச்சம் இருந்தது அது மட்டும்தான். சீரணிக்கு எங்களைப் பெற்ற அத்தா தன் கடையில் சீனி எடுத்து வைத்திருந்தார். கன்ட்ரோல் சீனி, லேசில் கிடைக்காது. அடுத்த மழைக்குள் அவளைப் பெரிய பெண் என்று வீட்டோடு நிறுத்திவிடுவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆக அந்தச் சீசனில் முடித்தால் உண்டு.

அப்போதுதான் மெயின்லேண்டிலிருந்து மார்க்கம் படித்த பெரிய ஆலிம்சா வருகிறார் என்று சேதி வந்தது. கப்பலில் போர்ட் பிளேர், அங்கிருந்து போட்டில் மாயாபந்தர். கான்ட்ராக்டர் மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. வருகிறவர் பார்த்தால் என்ன நினைப்பார்? யானைக் கொட்டகையில் பிள்ளைகளை வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார். அவர் அப்படி நினைக்காமலிருக்க ஒரே வழி, முன்வாசலில் ஒரு வளைவு. மெயின்லேண்டில் பெரிய பள்ளிவாசல்களில் இருக்குமே, அதுபோல.

வளைவுக்குக் காய்ந்த மரம் வேண்டும். பச்சை மரத்தை வளைத்தால் முறுக்கிக்கொள்ளும் என்று மிஸ்திரி சொல்லிவிட்டார். காய்ந்த மரம் எங்கே இருக்கிறது? பெண் பிள்ளைகளின் படிக்கட்டில் இருக்கிறது.

ஜமாத் கமிட்டியில் இதைப் பேசிய கூட்டத்துக்கு அத்தாவோடு நானும் போயிருந்தேன், டீக்கு வரும் பிஸ்கட்டுக்காக. அரை மணி நேரம் பேசினார்கள். வளைவின் உயரம் பற்றிப் பேசினார்கள், பெயின்ட் பச்சையா வெள்ளையா என்று பேசினார்கள். படிக்கட்டைப் பற்றிப் பேசவே இல்லை. கழற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் டீ குடித்தார்கள். அத்தாவும் குடித்தார். அத்தாவின் கடைக்குச் சரக்கு கான்ட்ராக்டர் மாமாவின் போட்டில்தான் வந்தது. இது எனக்கு வயதான பிறகு புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை, கூடுதலாக ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டது.

மிஸ்திரி படிகளைக் கழற்றிக் கீழே அடுக்கிவிட்டு, மேலே தொங்கும் கதவைக் காட்டி, அதை என்ன செய்வது என்று இந்தியில் கேட்டார், "தர்வாஜா கா க்யா கரேகா?"

"ரெஹனே தோ, ஹவா ஆயேகா" என்றார் கான்ட்ராக்டர் மாமா. இருக்கட்டும், காற்று வரும். பலகையில் இருக்கும் தொலைநோக்கு இதுதான். நான் பக்கத்தில் நின்றேன்.

பெண் பிள்ளைகள் முன்வாசல் வழியாக வரலாமே என்று லெப்பை கேட்டுப் பார்த்தார். ஆண்கள் நிற்கும் இடம், சரிப்படாது என்றார்கள். சரி, படி எப்போது வரும்? அடுத்த கப்பலுக்கு. நம் தீவில் எதைக் கேட்டாலும் அதுதானே பதில். மருந்து அடுத்த கப்பலுக்கு, வெங்காயம் அடுத்த கப்பலுக்கு. ஆனால் மரத்துக்கும் அடுத்த கப்பல் என்று சொன்னார்கள் பாருங்கள். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் மரம். அதை வெட்டி மெயின்லேண்டுக்கு அனுப்பித்தான் எல்லோரும் சோறு தின்றோம். யாரும் சிரிக்கவில்லை. நானும் அப்போது சிரிக்கவில்லை, நம்பினேன். அந்த வாரம் வந்த கப்பலில் படி இறங்குகிறதா என்று ஜெட்டியில் போய்ப் பார்த்தேன்.

பெண் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். ஒரு கப்பல் வந்து போயிற்று, இன்னொன்றும் வந்து போயிற்று. வளைவு முன்வாசலில் எழும்பிப் பச்சைப் பெயின்ட் குடித்துப் பளபளத்தது. அக்கா ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அத்தாவிடம் கேட்டாள், படி எப்பத்தா என்று.

"வீட்லயே ஓதி முடிச்சிரும்மா. லெப்பையை வரச் சொல்றேன். எங்க ஓதினா என்ன, ஓத்து ஓத்துதானே."

"அப்ப அந்த ஆலிம்சாவையும் வீட்டுக்கே வரச் சொல்லுங்க. வளைவு எதுக்கு?"

அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா மீன் ஆணத்தை எடுத்து வைத்துவிட்டு, "அவ கேக்குறதுக்குப் பதில் சொல்லிட்டுத் தின்னுங்க" என்றாள். அத்தா தின்றார். மறுநாள் சீரணிச் சீனி கடையிலிருந்து ஆலிம்சாவின் வரவேற்பு டீக்குப் போயிற்று. அக்கா அழவில்லை. அழுதது நான். எனக்குச் சீரணியில் பங்கு உண்டு.

ஆலிம்சா வந்த நாள். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். உள்ளே நடந்ததை உங்களில் பாதிப் பேர் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் எல்லோரும் ஓடிவிட்டதால் முதல் பாதியை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். மீதியைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

தார்ப்பாய்த் திரையைக் கழற்றியிருந்தார்கள், பெண்கள்தான் இல்லையே. பாய், திண்டு, ஊதுபத்தி, வெல்வெட் துண்டு. ஆலிம்சா மெலிந்த வயசாளி, கடலில் வாந்தி எடுத்துக் களைத்திருந்தார். நான் பன்னீர்ச் செம்போடு நின்றேன். வெள்ளிச் செம்பு, நீளக் கழுத்து, யார் வீட்டுச் சீரோ. என்னைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று கேட்காதீர்கள். என் கை எப்போதும் நடுங்குவதால் பன்னீர் தானாகவே தெளிக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

கான்ட்ராக்டர் மாமா எழுந்து வளைவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது செம்பு குலுங்கியது. என் கை என்று நினைத்தேன். அதன் பிறகு உத்தரத்தில் தொங்கிய லாந்தர் ஆடியது. தகரம் முனகியது. தரை ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. நம் தீவில் லாந்தர் ஆடினால் என்ன செய்ய வேண்டும் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"பூகம்பம்" என்று கத்தினேன்.

நான் சொன்னதை ஒரு கூட்டம் உடனே நம்பியது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான்.

எல்லோரும் முன்வாசலுக்குப் பாய்ந்தார்கள். வளைவு பார்ப்பதற்காகச் செய்தது, போவதற்காகச் செய்ததல்ல. பழைய வாசலில் பாதிதான் அகலம். கான்ட்ராக்டர் மாமா மாலையோடு அதில் சிக்கிக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் தள்ளியதில் உருவிக்கொண்டு வெளியே விழுந்தார், மாலை மட்டும் வளைவில் தொங்கியது. ஆலிம்சாவை இரண்டு பேர் நெல் மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு ஜெட்டி வரைக்கும் ஓடினார்கள். அவர் அதற்குமேல் திரும்பி வரவே இல்லை. கடலே தேவலை என்றிருக்கும்.

நான் பெரியவர்களின் கால்களுக்கிடையே புகுந்து வெளியே வந்தேன். வந்தவன் மற்றவர்களோடு ரோட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இடப்பக்கம் திரும்பிக் கட்டடத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். பூகம்பம் வந்து ஆடும் வீட்டுக்கு அடியில். தினமும் இடுக்கு வழியாகப் பார்த்துப் பயந்த இடம் அது. பயந்தவனுக்குப் பழகிய பயமே பத்திரமாகப் படும் போலிருக்கிறது.

அங்கே உள்ள தூண்கள் எனக்கு அத்துப்படி. அன்று தூண்கள் கூடியிருந்தன. கூடியிருந்த தூண்களுக்கு நகம் இருந்தது.

அதில் ஒன்று எழும்பிப் பக்கத்துத் தூணில் சுகமாகத் தேய்த்தது. கட்டடம் ஆடியது. மேலே லாந்தர் கிறீச்சிட்டது. எனக்கு அப்போது என்ன ஆயிற்று என்பதைக் கால்சட்டை உலர்ந்த பிறகு யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை.

அது கிழவி யானை. கான்ட்ராக்டர் மாமாவின் யானைகளிலேயே மூத்தது, தீவில் இறங்கிய நாளிலிருந்து அந்தக் கதவில் தீவனம் வாங்கித் தின்றது. பாகன் மலபாரிலிருந்து வந்த மாப்பிளா முஸ்லிம். அவருடைய மகளும் படி போனதால் ஓத்தை நிறுத்தியவள். அக்காவும் அவளும் சேர்ந்து அவரிடம் போய், யானை முதுகில் ஏற்றிப் பின்கதவில் விடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவர் தாடியைத் தடவிவிட்டு, "கிழவிக்கு அந்த வழி நல்லா அறியும் மோளே" என்றாராம். இதை அக்கா எனக்குப் பிற்பாடு சொன்னாள். ஆலிம்சா முன்னால் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால், அத்தனை பேர் மத்தியில் எழுந்திரு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஓதி முடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. கூட்டம் எழுந்து ஓடும் என்று அவள் நினைக்கவில்லை. கிழவிக்குக் கால் அரிக்கும் என்று யாருமே நினைக்கவில்லை.

மேலே பலகையில் காலடி கேட்டது. செருப்பில்லாத சின்னக் கால்கள். கதவுப் பக்கமிருந்து வந்து, திரை இருந்தபோது அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் நின்றன. இடுக்கு வழியாகப் பாவாடை நிறம் தெரிந்தது. அதற்கு எதிரே இன்னொருவரின் நிழல், அசையவில்லை. லெப்பை ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று நான் கேட்டதில்லை. பின்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான், யார் வருவது என்று பார்த்திருப்பார்.

"உக்காரும்மா" என்றார்.

அக்கா ஓதினாள். காலியான அறையில், தகரக் கூரைக்கு அடியில், அவள் குரல் பலகை வழியாக இறங்கி என் முதுகெலும்பில் கேட்டது. ஒரு இடத்தில் நீட்ட வேண்டியதை நீட்டாமல் போனாள். தரையில் ஒரு தட்டு. சரியாக என் தலைக்கு மேலே. தூசி கண்ணில் விழுந்தது. திரும்பி வந்து நீட்டி ஓதினாள். ஒவ்வொன்றாக முடித்து, வழக்கப்படி மறுபடியும் முதல் அத்தியாயத்துக்குப் போய்த் தொடங்கி நிறுத்தினாள். லெப்பை துஆ கேட்டார். ஆமீன் என்று அக்கா சொன்னாள், கதவுக்கு வெளியே யானை முதுகிலிருந்து பாகனும் அவர் மகளும் சொன்னார்கள். சேற்றில் கிடந்து நானும் சொன்னேன். கிழவி தும்பிக்கையை நீட்டி என் தொப்பியை எடுத்துக்கொண்டது. அது திரும்பக் கிடைக்கவில்லை.

பூகம்பம் இல்லை என்று தெரிந்து ஊர் திரும்பி வந்தபோது, கான்ட்ராக்டர் மாமாவுக்குத் தன் யானையைப் பார்த்து வந்த ஆத்திரத்தைவிட வளைவில் தொங்கிய மாலையைப் பார்த்து வந்த ஆத்திரம் பெரிது. பொம்பளைப் பிள்ளை, யானை, விருந்தாளி, மானம், என்று வரிசையாகச் சொன்னார். லெப்பை முன்வாசல் படியிறங்கி வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எல்லோரும் அடங்கிய பிறகு சொன்னார்.

"புள்ளை ஓதி முடிச்சிருச்சு. நாங் கேட்டேன்."

"சபையில ஓதினாத்தான் முடிச்சதுங்காணும். சபை எங்க இருந்துச்சு? ரோட்டுல இருந்துச்சு."

"சபை எந்திரிச்சு ஓடிருச்சு. ஓத்து ஓடல."

"நீர் ஒரு ஆள் சொன்னா ஆச்சா? வேற யாரு கேட்டது?"

நான் அடியிலிருந்து ஊர்ந்து வந்தேன். முகமெல்லாம் சேறு. "நாங் கேட்டேன் மாமா" என்றேன். நீட்டாமல் விட்டதையும் தட்டியதையும் திரும்ப ஓதியதையும் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் எதையும் சொன்னதில்லை.

"நீ எங்கடா இருந்தே?"

"அடியில."

கான்ட்ராக்டர் மாமா சிரித்தார். "பூகம்பத்துக்கு வீட்டுக்கு அடியில போய்ப் படுத்த பயலப்பா. இவன்தான் சாட்சியாம்." ஊரே சிரித்தது. விழுந்து விழுந்து சிரித்தது. ஓடிப்போன வெட்கமெல்லாம் அந்தச் சிரிப்பில் கழுவிக்கொண்டு போயிற்று. அத்தா மட்டும் சிரிக்கவில்லை. செருப்பைப் பார்த்தார். "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு நடந்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், சேற்றோடு.

கோமாளி என்ற பெயர் எனக்கு அன்றைக்கு வந்தது, தோழர்களே. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் சிரித்தார்கள். சிரிக்கிறார்களே என்று நானும் அதையே பிழைப்பாக்கிக்கொண்டேன். கடல் ஏறி வந்த வருடம் உண்மையான பூகம்பம் வந்ததே, அன்றைக்குக் காலையில் நான் கத்தவே இல்லை. தத்துவம் ஒன்றுமில்லை, கட்டிலுக்கு அடியில் இருந்தேன்.

மறுநாள் பின்கதவில் உள்பக்கமாக ஆணி அடித்தார்கள். பாகனையும் மகளையும் கிழவியையும் காட்டுக்குள் தூரத்து முகாமுக்கு அனுப்பினார்கள். லெப்பை அடுத்த கப்பலுக்கு ஊருக்குப் போனார், லீவு என்றார்கள். அடுத்த கப்பலுக்கு உண்மையாகவே நடந்த ஒரே காரியம் அது. புதிதாக வந்தவர் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கவில்லை. கல்யாணம் பேசும்போது அக்கா ஓதி முடித்தவளா என்று கேட்டார்கள். ஜமாத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்று அத்தா சொன்னார். தன் மகளைப் பற்றித் தன் வாயால் சொல்ல முடியாமல். ஜமாத் சொன்னது: முடிக்கவில்லை, கொஞ்சம் மிச்சம்.

கொஞ்சம் மிச்சமாம்.

இப்போது வளைவுக்கு வருகிறேன். பலகையின் மற்ற பத்தி, வளைவின் உட்புறத்தில் உள்ள குழிவு வேலைப்பாட்டைப் புகழ்கிறது. தீவுத் தச்சர்களின் கலைநயமாம், பிறை வடிவங்களைக் குறிக்கிறதாம். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். பச்சைப் பெயின்ட் அடுக்கடுக்காக ஏறியிருந்தாலும் தெரிகிறது. வரிசையாகக் குழிகள், எதிரே இன்னொரு வரிசை. மிஸ்திரிக்கு அந்தப் படியை இழைத்துத் தள்ள மனம் வரவில்லையோ, நேரம் இல்லையோ, குழி இருந்த முகத்தைக் கீழே பார்க்க வைத்து அடித்துவிட்டிருக்கிறார். நம் அக்காமார்களின் பல்லாங்குழி. அதற்கு அடியில்தான் இத்தனை வருடமும் ஆண்கள் குனிந்து போய் வந்துகொண்டிருக்கிறோம். கூட நின்ற தம்பியிடம் சொன்னேன். "அண்ணே, உங்க காமெடியே தனிண்ணே" என்றான்.

ஆகவே மலர்க் குழுவினரே, நீங்கள் கேட்ட வரலாறு இது. பின்கதவு யானைக்காக வைத்தது, பெண் பிள்ளைகள் வந்த வழி. அதன் படிக்கட்டுதான் உங்கள் வளைவு. அந்த வழியாக வந்து என் அக்கா ஓதி முடித்தாள். கேட்டவர்களில் லெப்பை இப்போது உயிரோடு இல்லை, பாகனும் மகளும் எங்கே என்று தெரியாது. நான் இருக்கிறேன். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பலகையில் இடம் போதாது என்றால் தொலைநோக்கை அழித்துவிட்டு எழுதுங்கள்.

நேற்று அக்காவுக்குப் போன் செய்தேன். போர்ட் பிளேரிலேயே டாலிகஞ்சில் மகன் வீட்டில் இருக்கிறாள், பேரப் பிள்ளைகள் பேச்சுக்கு நடுவில் கத்திக்கொண்டிருந்தார்கள். விழாவுக்கு வருகிறாயா என்று கேட்டேன். பலகையைப் பற்றிச் சொன்னேன், காற்றைப் பற்றி, பிறையைப் பற்றி. நான் எதிர்பார்த்ததுபோல் அவள் கோபப்படவில்லை. பிள்ளைகளை அதட்டி வெளியே அனுப்பிவிட்டு வந்து கேட்டாள்.

"எந்த வழியாடா ஏறுறது?"

எதற்கும் வாயில் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். அடுத்த கப்பலுக்கு என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை.

தம்பி, இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் நீ படிப்பாய். படித்ததும் ஒரு மிஸ்திரிக்கு ஆள் அனுப்பு. மரம் முன்வாசலிலேயே நிற்கிறது.